பதினான்கு குடும்பங்களின் கடல்

பிலிப்பைன்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் விசாயாஸ் என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அங்கு வரும் அயல்நாட்டுப் பயணிகள் பெரும்பாலும் ஒரே முறையில்தான் நாளைக் கழிக்கின்றனர். இருபுறமும் மூங்கில் தாங்கிகள் கட்டிய 'பங்கா' என்னும் படகில் ஏறி, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் கையுமாகத் தீவு விட்டுத் தீவு செல்கின்றனர். பவளப் பாறைகளின் மேல் முகம் கவிழ்ந்து மிதக்கின்றனர். வண்ண மீன்களைக் கண்டு வியந்து, மாலையில் விடுதிக்குத் திரும்புகின்றனர். அவர்கள் மிதக்கும் அதே நீரில், அதே கருவிகளோடு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர் வேறு சிலர் இறங்கினார்கள். கடலோரச் சூழலை ஆய்ந்தறிய வந்த அவர்கள் மீன்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து தொடங்கிய ஒரு வரலாற்றை நம் மக்கள், குறிப்பாகக் கடலை நம்பி வாழும் நம் கத்தோலிக்க மக்கள், அறிந்திருப்பது நல்லது என்று கருதுகிறோம்.

இந்த வரலாறு இரண்டு சிறு தீவுகளைச் சுற்றியது. ஒன்று சுமிலோன். செபுப் பெருந்தீவின் தென்கிழக்கு முனையை ஒட்டி, ஓஸ்லோப் என்னும் ஊரின் ஆட்சிக்குட்பட்டது. பரப்பு சுமார் 23 ஹெக்டேர். மற்றொன்று ஆப்போ. நீக்ரோஸ் தீவின் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், எரிமலைக் குழம்பு இறுகி எழுந்த தீவு. பரப்பு சுமார் 74 ஹெக்டேர். சுமிலோனில் நிலையாகக் குடியிருந்தோர் இல்லை எனலாம். ஆப்போவிலோ சில நூறு மீனவ மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள். மிந்தனாவோவில் உள்ள அந்நாட்டின் மிக உயர்ந்த மலைக்கும் ஆப்போ என்றே பெயர். நாம் பேசுவது மலையைப் பற்றியன்று, இந்தச் சிறு தீவைப் பற்றியே.

செபு என்றதும் திருச்சபை வரலாறு அறிந்தவர்களுக்கு 1521ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் மகெல்லனின் கப்பல்கள் அங்கு வந்தன. ஹுமாபோன் என்ற குறுநில மன்னரும் அவருடைய மக்களும் திருமுழுக்குப் பெற்றனர். அரசிக்கு அளிக்கப்பட்ட குழந்தை இயேசுவின் திருவுருவம் இன்றும் செபு நகரப் பேராலயத்தில் வணங்கப்படுகிறது. அன்று தொடங்கி அந்நாட்டின் கடற்கரை நெடுகிலும் கோவில்கள் எழுந்தன. இங்கே ஒரு செய்தியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தென்செபுவின் பழைய கோவில்கள் எதனால் கட்டப்பட்டன? ஓஸ்லோப் கோவிலும் அதற்கு வடக்கே பொல்ஹோன் கோவிலும் கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளக் கற்களால் ஆனவை. பங்கு மக்கள் கடலில் மூழ்கி, பாறையைப் பிளந்து, சதுரமாகச் செதுக்கிச் சுமந்து வந்த கற்கள் அவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெற்கிலிருந்து படகுகளில் வந்து ஆட்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற கொள்ளையர்களால் இக்கரை மக்கள் பெரிதும் துன்புற்றார்கள். அப்போது பொல்ஹோன் பங்கின் தந்தையாக இருந்தவர் அகுஸ்தீன் சபைத் துறவியான ஹூலியான் பெர்மேஹோ. அவர் கரை நெடுகக் காவற்கோபுரங்களை எழுப்பினார். ஒரு கோபுரத்தில் கொடியசைத்தால் அடுத்த கோபுரம் கண்டு அதற்கடுத்ததற்குச் சொல்லும். மக்களையும் படகுகளையும் அவரே அணி சேர்த்து எதிர்த்ததால் 'கேப்டன் சாமியார்' என்ற பொருள்படும் பட்டப்பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. அந்தக் கோபுரங்களில் ஒன்று சுமிலோன் தீவின் மேல் நிற்கிறது. பங்கு மக்களைக் காக்கக் கடலை நோக்கிக் கண் விழித்திருந்த அந்தப் பங்குத்தந்தையை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஒன்றை மறைக்க இயலாது: ஆலயத்திற்கும் அரணுக்கும் பவளப் பாறை கல் தந்தது, அது குறைந்து போகும் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை. அதில் வியப்பில்லை. 1883ஆம் ஆண்டிலேகூட இலண்டன் மீன்வளக் கண்காட்சியில் தாமஸ் ஹக்ஸ்லி போன்ற பேரறிஞர், பெருங்கடலின் மீன்வளம் மனிதரால் தீர்க்க முடியாதது என்றே கூறினார். படித்தவரும் படியாதவரும் ஒத்த நம்பிக்கை கொண்டிருந்த காலம் அது.

அந்த நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உடையத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது தீவுகள் எங்கும் வெடிமருந்து மிஞ்சிக் கிடந்தது. ஒரு புட்டியில் மருந்தைத் திணித்துத் திரி கொளுத்தி எறிந்தால் ஒரு கூடை மீன் மிதக்கும்; கூடவே பவளமும் தூள் தூளாகும். 1960களில் சயனைடு நஞ்சும் வந்தது. மேலைநாட்டு வீடுகளின் கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் அழகு மீன்களை உயிரோடு பிடிக்க அந்த நஞ்சைப் பாறை இடுக்குகளில் பீய்ச்சினார்கள். இவை போதாவென்று 'மூரோ-ஆமி' என்ற ஜப்பானிய முறை. போருக்கு முன்னரே ஒகினாவா மீனவர் கொண்டு வந்தது அது. பெரிய வலையை விரித்துவிட்டு, வரிசையாக நீந்துவோர் கல் கட்டிய கயிறுகளால் பாறையை இடித்து இடித்து மீன்களை வலைக்குள் விரட்டுவார்கள். நீந்தியவர்களில் பலர் சிறுவர்கள். ஓஸ்லோப் பகுதியிலிருந்தும் அதன் அண்டை ஊர்களிலிருந்தும் அவர்கள் மாதக் கணக்கில் கப்பல்களில் அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களுக்கு மூச்சுக்குழலும் இல்லை, காற்றுக்கலனும் இல்லை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி மட்டும். ஆழத்தில் செவிப்பறை கிழிந்தவர்களும் மீண்டு வராதவர்களும் உண்டு. 1986ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் அரசு அம்முறையைத் தடை செய்தது. பாறையை அழித்த கையும் குழந்தையை அழித்த கையும் ஒன்றே என்பதை இங்கே கண்கூடாகக் காண்கிறோம்.

நீக்ரோஸ் தீவின் டுமகெத்தே நகரில் சிலிமன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1901ஆம் ஆண்டு அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் மறைப்பணியாளர்கள் தொடங்கிய நிறுவனம். நம் பிரிந்த சகோதரர்களின் இந்தக் கலைக்கழகத்திலிருந்துதான் கடலைக் காக்கும் முதற்குரல் எழுந்தது. அதை மகிழ்வோடு ஒப்புக்கொள்வதே முறை. அங்கு உயிரியல் கற்பித்தவர் ஆஞ்செல் அல்காலா. 1929இல் பிறந்தவர், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், முதலில் தவளை, பல்லி இனங்களை ஆய்ந்தவர். பவளப் பாறைகளின் அழிவைக் கண்டு அவர் உள்ளம் கடலின் பக்கம் திரும்பியது. 1974இல் அவரும் அவருடைய தோழர்களும் ஓஸ்லோப் நிர்வாகத்தின் இசைவோடு சுமிலோனின் மேற்குக் கரையில் ஒரு பகுதியை, அதாவது தீவைச் சூழ்ந்த பாறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை, மீன்பிடிக்காத இடமாக ஒதுக்கினார்கள். மீதி முக்கால் பங்கில் சுற்றுப்புறக் கரைகளின் மீனவர் சுமார் நூறு பேர் வழக்கம்போல் தொழில் செய்தார்கள்.

அந்த ஒதுக்கிடத்திற்கு அவர்கள் இட்ட பெயர் ஆங்கிலத்தில் 'சான்க்சுவரி'. இந்தச் சொல்லின் பிறப்பு நமக்கு நன்கு தெரிந்ததே. இலத்தீன் மொழியில் அது புனித இடத்தைக் குறிக்கும். கோவிலில் திருப்பீடம் அமைந்த பகுதிக்கு அதுவே பெயர். துரத்தப்பட்டவன் அந்தப் பகுதிக்குள் ஓடி வந்து அடைக்கலம் புகுந்தால் அரசனின் காவலரும் அவன்மேல் கை வைக்கலாகாது என்பது இடைக்கால ஐரோப்பாவின் வழக்கம். அந்த உரிமைதான் பின்னர் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும், கடைசியாக மீன்களுக்கும் வந்து சேர்ந்தது. நாம் 'சரணாலயம்' என்று மொழிபெயர்க்கும்போது இந்தப் பொருள் அப்படியே நிற்கிறது. தமிழ் இங்கே நமக்குக் கை கொடுக்கிறது.

ஆனால் மீனவனிடம் போய், "உன் கடலில் கால் பங்கை விட்டுவிடு" என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்? ஏற்கெனவே அரைவயிற்றுக் கஞ்சி. அதிலும் கால் பங்கைப் பிடுங்குவதா? இந்தக் கேள்விக்கு மறையுரை விடையாகாது. எண்ணிக்கையே விடை சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அயல்நாட்டு ஆய்வாளர்களும் அங்கு வந்தார்கள். அவர்களுள் ஒருவர் காரி ரஸ் என்ற ஆஸ்திரேலியர். பின்னாளில் அவர் தம் நாட்டின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1983இல் சிலிமனுக்கு வந்த அவர் அல்காலாவோடு சேர்ந்து சுமிலோனுக்கும் ஆப்போவுக்கும் படகில் மாறி மாறிச் சென்று மீன்களை எண்ணத் தொடங்கினார். இருவருமாக மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் அதைத் தொடர்ந்தனர்.

மீனை எண்ணுவது எளிதன்று. நிலத்து உயிர்களைப் போல் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. பாறைச் சரிவில் 50 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட பட்டைகளை அளவுநாடாவால் குறித்துக்கொண்டு, அதன் வழியே மெல்ல நீந்திச் சென்று, கண்ணில் பட்ட மீன்களின் இனத்தையும் எண்ணிக்கையையும் உத்தேச நீளத்தையும் நீருக்கடியில் எழுதும் பலகையில் குறிக்க வேண்டும். களவா, செப்பிலி, விளமீன், பாறை என நாம் அழைக்கும் இனங்களின் உறவுகளான பெரிய வேட்டை மீன்கள்தாம் அவர்களுடைய முதல் கவனம். ஏனெனில் தூண்டிலும் வலையும் முதலில் காலி செய்வது அவற்றையே. அடுத்த பட்டை, அதற்கடுத்த பட்டை, அடுத்த ஆண்டு மீண்டும் அதே இடம். சலிப்பூட்டும் வேலை! ஆயினும் யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவரின் சொல் கேட்டு வலை வீசிய சீடர்கள் பிடித்த மீன்கள் 153 என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாரே! கிரேக்க இயற்கை நூலார் அறிந்த மீன் இனங்களே 153தான், எனவே அது எல்லா மக்களினத்தையும் குறிக்கும் என்று புனித ஜெரோம் விளக்கம் சொன்னார். அந்தக் கணக்கைப் பழைய நூல்களில் தேடியவர்கள் அதைக் கண்டாரில்லை. நமக்கோ, மீனவர்கள் தம் பாட்டை எண்ணிப் பார்த்தார்கள் என்ற எளிய செய்தியே போதுமானதாகத் தோன்றுகிறது.

எண்ணிக்கை என்ன சொன்னது? 1983-84இல் சுமிலோனின் முக்கால் பங்குக் கடலில் பிடிபட்ட மீன், ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 36 டன். பவளப் பாறைக் கடலுக்கு இது மிக உயர்ந்த அளவு. கால் பங்கை விட்டுக்கொடுத்த பிறகும் இவ்வளவு! அப்போது உள்ளூர் நிர்வாகத்திற்கும் காவலுக்கும் இடையே பூசல் மூண்டது. 1984இல் காவல் நின்றது. சரணாலயத்திற்குள் வெடியும் விரட்டு வலையும் புகுந்தன. இப்போது மீன்பிடிக்கும் பரப்பு முழுமையானது. ஆகவே மீனும் கூட வேண்டும் அல்லவா? 1985-86இல் கணக்கெடுத்தபோது சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20 டன்னாகக் குறைந்திருந்தது. கால் பங்கைப் பூட்டி வைத்திருந்தபோது நிரம்பிய கூடை, பூட்டை உடைத்தபின் பாதியாயிற்று. ஆய்வாளர்கள் திட்டமிட்டுச் செய்த சோதனையன்று இது. கெட்ட மனம் நடத்தி முடித்த சோதனை. எனினும் அதன் சான்றை உலகின் மீனியல் அறிஞர் எவரும் மறுக்க முடியவில்லை.

இதன் காரணம் எளியது. வயது முதிர்ந்த தாய்மீன் இடும் முட்டைகளுக்கு அளவில்லை. செப்பிலி இனத்தைச் சேர்ந்த ஒரு வகையில், 61 செ.மீ. நீளமுள்ள ஒரே தாய்மீன், 42 செ.மீ. நீளமுள்ள 212 மீன்கள் இடும் முட்டைகளுக்கு ஈடாக முட்டையிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தத் தாய்மீனுக்கு ஓர் அடைக்கலம் வேண்டும். அங்கே பெருகியவை எல்லை தாண்டி வெளியே வரும்போது மீனவனின் தூண்டிலுக்குப் போதியவை கிடைக்கும். பறவைக் கூட்டைக் கண்டால் தாயையும் குஞ்சுகளையும் சேர்த்து எடுத்துச் செல்லாதே, தாயைப் போகவிடு என்று இணைச் சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அந்தச் சட்டத்தைச் சிறியது என எண்ணி நாம் வாசித்துக் கடந்து விடுகிறோம். நிலத்திற்கு ஏழாம் ஆண்டு ஓய்வு கொடு என்கிறது லேவியர் நூல். கடலுக்கு ஓய்வு கொடு என்று அங்கு எழுதப்படவில்லை. இஸ்ரயேலர் உழவரும் ஆயருமாக இருந்தார்கள், கடலோடிகளாக இருந்தார்களில்லை.

சுமிலோனின் வீழ்ச்சியில் மற்றொரு பாடமும் இருந்தது. அங்கே காவல் பல்கலைக்கழகத்தின் காவலாக இருந்தது. சட்டம் நகராட்சியின் சட்டமாக இருந்தது. தீவில் குடியிருப்போர் இல்லை. ஆகவே தலைவர் மனம் மாறியபோது தடுக்க ஆளில்லை. பின்னர் மறுபடியும் பாதுகாப்புக் கொடுத்து, 1992இல் மறுபடியும் இழந்தார்கள். ஆப்போவின் கதை வேறு.

1979இல் சிலிமன் குழுவினர் ஆப்போவுக்குச் சென்றபோது அத்தீவின் மீனவர் தம் பாறைகளில் மீன் அருகிப் போய், நெடுந்தொலைவு துடுப்புப் போட்டு வந்தார்கள். குழுவினர் சட்டப் புத்தகத்தோடு போகவில்லை. மூன்று ஆண்டுகள் பேசினார்கள், கேட்டார்கள், மீண்டும் பேசினார்கள். சமூகப் பணியாளர்கள் தீவிலேயே தங்கி, மக்களோடு உண்டு உறங்கிப் பழகினார்கள். மார்க்கோஸ் ஆட்சியின் அந்நாளில் ஏழைகளைக் கூட்டிப் பேசுவதே ஐயத்திற்குரிய செயல். நீக்ரோஸ் தீவின் மேற்குப் பகுதியில் மக்களை ஒன்றுசேர்த்த குருக்கள் மூவரும் பொதுநிலையினர் அறுவரும் 1983இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிலிருந்தனர். 1984இல் வழக்குக் கைவிடப்பட்டது. இந்தச் சூழலில்தான் ஒரு சிறு தீவின் மீனவர்கள் தம் கடலைப் பற்றித் தாமே முடிவெடுக்கக் கூடினார்கள். நம் பங்குகளில் அன்பியம் கூடுவதை அறிந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் முகம் எளிதில் விளங்கும். ஒரு சிலர் வருவார்கள், ஒரு சிலர் முணுமுணுப்பார்கள், பெண்கள் பேச ஆரம்பித்தபிறகுதான் காரியம் நடக்கும்.

அப்போது ஒரு நல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. ஆப்போ மீனவர் சிலரைச் சுமிலோனுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கு காவல் இன்னும் நிலைத்திருந்த காலம். ஆய்வாளர் எழுதிய அட்டவணை அவர்களுக்குப் பயன்படாது; மீன் பிடிப்பவனின் கண்ணே போதும். ஒதுக்கிய பாறையையும் ஒதுக்காத பாறையையும் அவர்கள் பார்த்தார்கள். திரும்பி வந்து 1982இல் 14 குடும்பங்கள் முன்வந்து, தீவின் தென்கிழக்கே சுமார் 450 மீட்டர் நீளக் கரையை ஒதுக்கின. தீவின் பாறையில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. பத்தில் ஒன்று! பழைய ஏற்பாட்டின் மக்கள் ஆண்டவருக்கென எடுத்து வைத்த அளவும் அதுவே. திட்டமிட்டு வந்ததன்று, தற்செயல்தான். ஆயினும் சுட்டிக்காட்டாமல் இருக்க மனம் வரவில்லை.

மூன்று ஆண்டுகளில் சரணாலயத்தின் எல்லையை ஒட்டித் தூண்டில் போட்டவர்களின் கூடை கனத்தது. தயங்கியவர்களும் சேர்ந்தார்கள். 1985இல் தாவுயின் நகராட்சி அதைச் சட்டமாக்கியது. சட்டம் மக்களின் முடிவுக்குப் பின்னால் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வெடி, நஞ்சு, பாறை இடிக்கும் வலை, கண்ணி மிகச் சிறிய வலை ஆகியவை தீவைச் சுற்றி எங்குமே கூடாது என்றார்கள். தூண்டில், செவுள்வலை, மூங்கில் கூடு ஆகியவற்றால் பிடிக்கலாம். மன்னார் வளைகுடாவில் நம் மீனவர் இறக்கும் கூட்டைப் போன்றதே அதுவும். காவலுக்கு மக்களே முறை வைத்துக்கொண்டார்கள். வெளியூர்ப் படகு வந்தால் கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கண்.

அறிஞர்கள் தொடர்ந்து எண்ணினார்கள். 2004இல் வெளியிட்ட ஆய்வில், சுமிலோனில் 9 ஆண்டுப் பாதுகாப்பில் பெரிய வேட்டை மீன்களின் எடை 3.1 மடங்கும், ஆப்போவில் 18 ஆண்டுகளில் 17.3 மடங்கும் கூடியதாக ரஸ்ஸும் அல்காலாவும் காட்டினார்கள். முழுமையாக மீண்டெழ எவ்வளவு காலம் ஆகும்? ஆப்போவைப் பொறுத்தவரை 40 ஆண்டுகள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் எந்த நிர்வாகத்திற்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. பாலைவனத்தில் 40 ஆண்டு நடந்த மக்களின் வரலாற்றை ஒவ்வொரு தவக்காலமும் வாசிக்கும் நமக்கு அது அவ்வளவு புதிதன்று.

இந்த இரு தீவுகளின் செய்தி நாடெங்கும் பரவியது. 1991ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டமும் 1998ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமும் கரையோரக் கடலைக் காக்கும் பொறுப்பை நகராட்சிகளின் கையில் வைத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சரணாலயங்கள் எழுந்தன. அல்காலாவுக்கு 1992இல் மகசேசே விருது கிடைத்தது. அவ்வாண்டு முதல் 1995 வரை சுற்றுச்சூழல் துறை அமைச்சராகப் பணியாற்றி, 2014இல் தேசிய அறிவியலாளராகச் சிறப்பிக்கப்பட்டு, 2023 பிப்ரவரியில் காலமானார்.

பிலிப்பைன்ஸ் ஆயர்கள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1988 ஜனவரியில் ஆயர் பேரவை நம் அழகிய நாட்டுக்கு என்ன நேர்கிறது என்று கேட்கும் மேய்ப்புப்பணி மடலை வெளியிட்டது. காடு, ஆறு, மண் ஆகியவற்றோடு பவளப் பாறைகளின் அழிவையும் அது பேசியது. வண்ணமும் உயிரும் நிறைந்திருந்த கடலடியைக் கல்லறையாக்கியது யார் என்று வினவியது. சூழலைப் பற்றி மட்டுமே ஒரு தேசிய ஆயர் பேரவை எழுதிய முன்னோடி மடல்களுள் அது ஒன்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் 'லௌதாத்தோ சி' சுற்றுமடலின் 41ஆம் பத்தியில் அந்தக் கேள்வியையே எடுத்தாண்டார். பவளக் கல்லால் கோவில் கட்டிய கரையிலிருந்து எழுந்த குரல் உரோமை வரை சென்றது. நம் குருமாணவர்கள் ஐரோப்பிய இறையியலாரின் பெயர்களை மனப்பாடம் செய்யும் அளவுக்கு இந்த மடலை வாசிப்பதில்லை என்பது நம் வருத்தம்.

இனி மூச்சுக்குழல் பயணிகளுக்கு வருவோம். மீன் பெருகியதும் அதைப் பார்க்க மக்கள் வந்தார்கள். ஆப்போவின் ஊருக்கு முன்னால் கடற்புல் மேயும் ஆமைகளைக் காண ஒவ்வொரு நாளும் படகுகள் வந்தன. பயணிகளிடம் பெற்ற கட்டணம் தீவின் மின்சாரத்திற்கும் பிள்ளைகளின் படிப்பிற்கும் உதவியது. நன்மைதான். ஆயினும் 1994இல் குடியரசுத் தலைவரின் அறிக்கையால் தீவு தேசியப் பாதுகாப்புப் பகுதியானபோது, முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கூட்டத்திலிருந்து அரசு அலுவலர்களும் அமர்ந்த ஒரு குழுவுக்கு மாறியது. கட்டணப் பணம் அரசுக் கருவூலம் வழியாகச் சுற்றித் திரும்பக் காலம் பிடித்தது. தாமே கட்டிய வீட்டில் தாமே விருந்தாளி ஆன உணர்வு சிலருக்கு ஏற்பட்டது. ஓஸ்லோப்பின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. 2011 முதல் அங்கே கரையோரம் இறால் போன்ற சிற்றுயிர்களைத் தீனியாக இட்டுத் திமிங்கிலச் சுறாக்களை வரவழைத்துப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். மீனவர் பலர் அதனால் வறுமை நீங்கினார்கள் என்பது மெய். எனினும் நெடுங்கடலில் அலைந்து இரை தேட வேண்டிய உயிரைப் பிச்சைக்குப் பழக்குவதை அறிவியலார் பலர் கண்டிக்கின்றனர். ஏழைக்குச் சோறு, உயிருக்கு ஊறு என்ற இந்தச் சிக்கலுக்கு எளிய தீர்ப்புச் சொல்ல நாம் துணியவில்லை. ஆனால் ஒதுங்கி நின்று காப்பதும் அருகில் இழுத்து விற்பதும் ஒன்றல்ல.

நம் கரையை எண்ணாமல் இதை வாசிக்க முடியாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் பல்லாண்டுகள் பவளம் வெட்டியதன் விளைவாக அத்தீவுகளுள் இரண்டு, விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும், நீரில் மூழ்கிப் போயின. ஆப்போவில் சட்டம் மக்களுக்குப் பின்னால் வந்தது. இங்கே அது மக்களுக்கு முன்னால் வந்தது. பாசி எடுக்கும் நம் பெண்களுக்கும் வனக்காவலருக்கும் இடையே நேர்ந்த உரசல்களின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

2011 டிசம்பரில் ஒரு சூறாவளியும், 2012 டிசம்பரில் மற்றொன்றும் ஆப்போவைத் தாக்கின. காற்றும் அலையும் நேராக மோதியது தென்கிழக்குக் கரையில், அதாவது சரணாலயத்தின் மீதே. முப்பது ஆண்டுகள் காத்த பவளம் நொறுங்கிக் கற்குவியலாயிற்று. அங்கே கூடியிருந்த மீன்கள் குறைந்தன. மனிதக் கைக்குத் தடை போடலாம், புயலுக்கு யார் தடை போடுவது? ஆனால் தீவின் மறுபக்கத்தில், மக்கள் வெடியும் நஞ்சும் கூடாது என்று காத்து வந்த மீன்பிடிப் பாறைகளில், பவளம் பெரும்பாலும் உயிரோடு இருந்தது. மீனவர் அங்கே தொழிலைத் தொடர்ந்தார்கள். நொறுங்கிய சரணாலயத்தை அவர்கள் திறந்துவிடவில்லை. மீன்பிடித் தடை அப்படியே நின்றது. பயணிகளும் அதற்குள் இறங்க வேண்டாம் என்று நிறுத்தப்பட்டார்கள். மூச்சுக்குழலோடு வருவோர் இப்போது ஊருக்கு முன்னால் ஆமைகள் மேயும் பக்கத்திற்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள். எண்ணுவோர் மட்டும் பலகையோடு மீண்டும் அங்கே இறங்கி, கற்குவியலின்மேல் பட்டைகளை அளந்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.